நாணும் விசையும்
புல்வெளியின் வரலாறு – 12

குதிரை வட அமெரிக்கச் சமவெளிக்கு வந்து சேர்ந்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். 1680-இல் ப்யூப்லோ மக்கள் ஸ்பானியர்களை நியூ மெக்சிகோவிலிருந்து விரட்டியடித்தார்கள். அப்போது அவர்கள் விட்டுச்சென்ற குதிரைகள் கைமாறிக் கைமாறி வடக்கே நகர்ந்து, 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் கனடாவின் புல்வெளிவரை போய்விட்டன. அதே காலத்தில் எதிர்த்திசையிலிருந்து இன்னொன்றும் வந்துகொண்டிருந்தது. ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் கிடங்குகளிலிருந்து கிரீ மக்கள் வாங்கிவந்து, தமக்கு மேற்கே இருந்தவர்களுக்கு விற்ற துப்பாக்கி அது. தெற்கிலிருந்து குதிரை, வடகிழக்கிலிருந்து துப்பாக்கி. பிளாக்ஃபூட் மக்களின் நாட்டில் இரண்டும் சந்தித்தன.

இரண்டும் ஒரே கையில் சேர்ந்த பிறகு வில்லுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ஆனால் போருக்குத் துப்பாக்கியை விரும்பி வாங்கிய அதே மக்கள், பைசன் வேட்டைக்குக் கிளம்பும்போது துப்பாக்கியைக் கூடாரத்தில் வைத்துவிட்டு வில்லை எடுத்துக்கொண்டு போனார்கள். ஓவியர் ஜார்ஜ் கேட்லின் 1832-இல் மிசௌரி ஆற்றின் மேல்பகுதிக்குப் போய்ப் பார்த்து வரைந்த வேட்டைப் படங்களில், குதிரைமேல் இருப்பவர்களின் கையில் உள்ளவை வில்லும் ஈட்டியும்தான். அந்தப் பகுதிக்குத் துப்பாக்கி அறிமுகமாகி அப்போது அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

பழக்கத்தை விட முடியாத மனிதர்கள் என்று இதற்குக் காரணம் சொன்னால் அவர்களை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம் என்று பொருள். குதிரையை ஒரே தலைமுறையில் தமதாக்கிக்கொண்டவர்கள் அவர்கள். இரும்பு அம்புமுனை, செம்புப் பானை, கம்பளி என்று பயன்படும் எதையும் தள்ளியதில்லை. பைசன் வேட்டைக்குத் துப்பாக்கி வேண்டாம் என்று அவர்கள் முடிவு செய்திருந்தால், அதில் ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டும். 1870-களில் பைசன்களுக்கு நேர்ந்த பேரழிவுக்குப் போகும் முன் அந்தக் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

சமவெளி வில் சிறியது. நின்ற இடத்திலிருந்து எய்யும் நெடுவில்லைக் குதிரைமேல் வைத்துக்கொண்டு வலமும் இடமும் திருப்ப முடியாது. அதனால் ஒரு மீட்டர், மிஞ்சினால் அதைவிட ஒரு சாண் கூடுதலான நீளத்தில் வில்லைச் செய்தார்கள். தெற்கே கொமான்ச்சிகளுக்கு ஒசேஜ் ஆரஞ்சு மரம் உயிர். வடக்கே ஆஷ் மரம். மலைச்செம்மறியின் கொம்பைச் சூடேற்றி நிமிர்த்திச் செய்த வில்களும் உண்டு, அவற்றுக்கு மதிப்பு அதிகம். வில்லின் முதுகில் பைசனின் முதுகெலும்பை ஒட்டி ஓடும் தசைநாரை நார்நாராகப் பிரித்து, தோலையும் குளம்பையும் காய்ச்சி எடுத்த பசையில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். காய்ந்ததும் தசைநார் இறுகி, சிறிய வில்லுக்குப் பெரிய வில்லின் விசையைத் தரும். நாணும் தசைநாரே. ஆக, ஒரு பைசனைக் கொல்லும் கருவியில் பாதி இன்னொரு பைசனிலிருந்து வந்தது.

வேட்டைக்குத் தனியாக ஒரு குதிரை இருக்கும். அதைச் சுமைக்கோ பயணத்துக்கோ பயன்படுத்த மாட்டார்கள். வேட்டைக் களம்வரை வேறொரு குதிரையில் போய், மந்தையை நெருங்கும்போதுதான் இதன் மேல் ஏறுவார்கள். மந்தை கலைந்து ஓடத் தொடங்கியதும் குதிரை தான் குறிவைத்த விலங்கின் வலப்பக்கமாகப் போய்ச் சேர்ந்துகொள்ளும். இடக்கையில் வில், அதே கையில் நாலைந்து அம்புகள், வலக்கையில் நாண். கடிவாளத்துக்குக் கை மிச்சமில்லை. முழங்கால் அழுத்தத்திலேயே குதிரை புரிந்துகொள்ள வேண்டும். கைநீட்டினால் தொட்டுவிடும் தூரம், கூடிப்போனால் மூன்று நான்கு மீட்டர். கடைசி விலா எலும்புக்குப் பின்னால் உள்ள மென்மையான இடத்தில், முன்னோக்கியும் கீழ்நோக்கியும் போகும்படி அம்பை விட வேண்டும். தோள்பட்டையில் பட்டால் எலும்பு தடுத்துவிடும். நாண் அதிரும் ஓசை கேட்ட அந்தக் கணமே குதிரை தானாக விலகிவிடப் பழகியிருக்கும், ஏனென்றால் அடிபட்ட பைசன் பக்கவாட்டில் கொம்பைத் திருப்பும். குதிரையின் கழுத்திலிருந்து ஒரு நீண்ட தோல்கயிறு தரையில் இழுபட்டுக்கொண்டே வரும். விழுந்தவன் பிடித்துக்கொள்ள அது.

தோட்டா எலும்பை நொறுக்கித் தசையைச் சிதைத்துக் கொல்லும். அம்பு அப்படிக் கொல்வதில்லை. கூரிய முனை குடலையும் ஈரலையும் நுரையீரலையும் அறுத்துக்கொண்டு போகிறது, இரத்தம் வெளியேறுகிறது. விலங்கு ஓடஓட அம்பு உள்ளேயே அசைந்து காயத்தை இன்னும் பெரிதாக்குகிறது. அடிபட்ட பைசன் உடனே விழாது. கொஞ்ச தூரம் ஓடிப் பிறகுதான் தளரும். அதற்குள் வேட்டைக்காரன் அடுத்த விலங்கின் பக்கம் போயிருப்பான்.

இப்போது துப்பாக்கிக்கு வருவோம். அன்றைக்கு வணிகர்கள் விற்றது குழலின் வாய்வழியாக மருந்து போடும் வகை. நம் மலையோரக் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கி என்பார்களே, மருந்தைக் கொட்டி, துணியை அடைத்து, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து, பிறகு சுடுவது, கிட்டத்தட்ட அதே. தரையில் நிற்பவனுக்கே இதற்கு அரை நிமிடம் ஆகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் மந்தையின் நடுவே, குதிரைமேல் இருந்துகொண்டு இதைச் செய்து முடிப்பதற்குள் மந்தை போய்விடும். வில்லாளி அதே நேரத்தில் நாலைந்து அம்புகளை எய்து முடித்திருப்பான். மருந்தும் ஈயமும் வணிகனிடம் விலைகொடுத்து வாங்க வேண்டியவை. அம்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதுதான் அந்தக் கணக்கு. ஒரு நூறு ஆண்டுகளுக்கு வில்லின் பக்கமே அது சாய்ந்திருந்தது.

துப்பாக்கியைக் கொண்டே குதிரைமேல் வேட்டையாடியவர்களும் இருந்தார்கள். செவ்வாற்றுப் பள்ளத்தாக்கின் மெட்டி மக்கள் அவர்கள். பிரெஞ்சு, ஸ்காட்லாந்து வணிகர்களுக்கும் கிரீ, ஓஜிப்வே பெண்களுக்கும் பிறந்த வழித்தோன்றல்கள். வேட்டைக்குக் கிளம்பும்போது ஈயக் குண்டுகளை வாயில் போட்டுக்கொள்வார்கள். ஓடும் குதிரையில் மருந்தை உத்தேசமாக உள்ளங்கையில் கொட்டிக் குழலில் இட்டு, வாயிலிருந்து ஒரு குண்டைக் குழலுக்குள் துப்பி, துப்பாக்கியைச் சேணத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கம்பியால் இடிக்காமலேயே சுடுவார்கள். எச்சிலின் ஈரம்தான் குண்டை மருந்தோடு ஒட்டவைத்தது. ஒட்டாமல் குண்டு குழலில் முன்னே உருண்டிருந்தால் குழல் வெடிக்கும். 1840-ஆம் ஆண்டு வேட்டையை உடன்சென்று பார்த்து எழுதிய அலெக்சாண்டர் ராஸ், ஒரே ஓட்டத்தில் நிகழ்ந்தவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஒருவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. இன்னொருவர் துப்பாக்கி வெடித்து மூன்று விரல்களை இழந்தார். மூன்றாமவரின் முழங்காலில், யாரோ சுட்ட குண்டு வேகம் ஓய்ந்து வந்து விழுந்தது.

அந்த 1840 வேட்டையில் 1,210 மாட்டு, குதிரை வண்டிகளும் 1,630 மனிதர்களும் போனார்கள். சுமார் 400 வேட்டைக்காரர்கள் குதிரையேறினார்கள். முதல் நாள் மாலை முகாமுக்கு வந்து சேர்ந்த பைசன் நாக்குகள் 1,375. அம்மக்களின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவ்வேட்டை முழுவதிலும் கொல்லப்பட்ட விலங்குகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உண்மையில் உணவாகி வண்டியேறியது என்று ராஸே கணக்குப் போட்டுக் காட்டுகிறார்.

வில்லுக்கும் துப்பாக்கிக்கும் இடையே இன்னொரு வேறுபாடும் உண்டு. அதைப் படைக்கருவி நூல்கள் அதிகம் பேசுவதில்லை. ஓட்டம் முடிந்த பிறகு புல்வெளியில் பல மைல் நீளத்துக்கு விலங்குகள் விழுந்துகிடக்கும். எது யாருடையது? ஒவ்வொருவரின் அம்பிலும் அவரவர் அடையாளம் இருந்தது. தண்டில் தீட்டிய வண்ண வளையங்கள், இறகு கட்டிய விதம். பின்னால் கத்தியும் சுமைக்குதிரைகளுமாக வரும் பெண்கள் அம்பைப் பார்த்ததும் யாருடைய வேட்டை என்று சொல்லிவிடுவார்கள். தோலும் சிறந்த கறியும் அம்புக்குரியவனின் குடும்பத்துக்கு. குதிரை இல்லாதவர்களும் முதியவர்களும் அறுக்கக் கைகொடுத்துத் தம் பங்கைப் பெற்றுக்கொள்வார்கள். குண்டுக்கு அடையாளம் இல்லை. மெட்டி வேட்டைக்காரர்கள் தாம் சுட்ட விலங்கின் அருகே கையுறையையோ வேறு பொருளையோ போட்டுவிட்டுப் போவார்கள். அது போதாதபோது, எந்த இடத்தில் எதைச் சுட்டோம் என்ற நினைவு ஒன்றுதான் கதி.

கருவிதான் ஒழுக்கத்தைத் தீர்மானித்தது என்று இதை வைத்து முடிவுகட்டக் கூடாது. லக்கோட்டா மக்களிடம் பெருவேட்டைக்கு முன் யாரும் தனியாகப் போய் மந்தையைக் கலைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளக் காவல்படை இருந்தது. மீறியவனைச் சவுக்கால் அடித்து, அவன் கூடாரத்தைக் கிழித்துப் போட அவர்களுக்கு உரிமை உண்டு. துப்பாக்கி பிடித்த மெட்டி மக்களிடமும் அதே சட்டம் இருந்தது. உத்தரவு வரும் முன் ஓடினால் முதல்முறை சேணத்தையும் கடிவாளத்தையும் வெட்டிப்போடுவார்கள். இரண்டாம் முறை மேலங்கியை. மூன்றாம் முறை சவுக்கடி. கட்டுப்பாடு கையிலிருந்த கருவியில் இல்லை, வேட்டையைச் சேர்ந்து நடத்தி, கிடைத்ததைச் சேர்ந்து உண்ட கூட்டத்தில் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு செய்தியை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வில் பிடித்தவன் தேவைக்கு மட்டுமே கொன்றான், துப்பாக்கி பிடித்தவன் வீணாக அழித்தான் என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, முழு உண்மையில்லை. கேட்லின் 1832-இல் பியர் கோட்டைக்குப் போனபோது அங்கே கேள்விப்பட்டதை எழுதியிருக்கிறார். அவர் வருவதற்குச் சில நாள் முன்பு ஐந்நூறு, அறுநூறு சூ குதிரைவீரர்கள் ஆற்றைக் கடந்து ஒரு மந்தையில் புகுந்து, மாலைக்குள் 1,400 நாக்குகளோடு திரும்பி, அவற்றைச் சில காலன் விஸ்கிக்கு விற்றுவிட்டார்கள். கறியும் தோலும் அப்படியே கிடந்தன. அமெரிக்கன் ஃபர் கம்பெனி 1831-இலிருந்து மிசௌரியில் நீராவிக் கப்பலை ஓட்டியது. ரோமத்தோடு பதனிட்ட பைசன் போர்வைகளுக்குக் கிழக்கே நல்ல விலை. 1840-களில் ஆண்டுக்கு ஒரு லட்சம் போர்வைகள் அளவுக்கு அந்த வணிகம் வளர்ந்திருந்தது. தோல் மெல்லியதாக இருக்கும் என்று பசுக்களையே தேர்ந்து கொன்றார்கள்; கன்று ஈன வேண்டியவை அவைதாம். கூடவே வறட்சி. ஆற்றங்கரைப் புல்லுக்குப் பழங்குடிகளின் குதிரை மந்தைகளும் போட்டியாகின. டான் ஃப்ளோரஸ், ஆண்ட்ரூ ஐசன்பெர்க் போன்ற வரலாற்றாசிரியர்கள் காட்டியிருப்பதுபோல, தோலுக்காக வேட்டையாடிய வெள்ளையன் வருவதற்கு முன்பே பைசன் எண்ணிக்கை இறங்கத் தொடங்கிவிட்டது.

ஆனாலும் இறக்கம் வேறு, ஒழிவு வேறு. வில் காலத்து வணிகத்துக்கு ஒரு தடை இருந்தது. அந்தத் தடை ஆண்கள் கையில் இல்லை.

ஒரு பச்சைத் தோல் போர்வையாக மாற வேண்டுமானால் அதைத் தரையில் விரித்து முளையடித்து, உட்புறத்துச் சதையை எலும்புக் கருவியால் சுரண்டி, தடிமனைச் சீவிக் குறைக்க வேண்டும். பிறகு மூளையும் ஈரலும் கொழுப்பும் கலந்த விழுதைத் தேய்த்து ஊறவைத்து, அலசி, பிழிந்து, காயக் காய இழுத்துத் தளர்த்த வேண்டும். கடைசியில் முறுக்கிய கயிற்றின் மேல் முன்னும் பின்னும் உராய்த்து மிருதுவாக்க வேண்டும். ஒரு போர்வைக்குப் பத்து நாள் வேலை என்பது பொதுவான மதிப்பீடு. சமையல், விறகு, தண்ணீர், குழந்தை, கூடாரம் பெயர்த்துப் போடுவது எல்லாவற்றுக்கும் நடுவில் பெண்கள் இதையும் செய்தார்கள். ஆண் ஒரே காலையில் வீழ்த்தியதைப் பெண் மாதக்கணக்கில் சுமந்தாள். போர்வை வணிகம் வளர வளர, வசதியுள்ள வேட்டைக்காரர்கள் மேலும் மேலும் மனைவிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். பிளாக்ஃபூட் மக்களிடம் இது வெளிப்படையாகவே நடந்தது. வணிகனின் பேரேட்டில் அந்தப் பெண்களின் பெயர் இல்லை. ஆனால் ஆண்டுக்கு எத்தனை பைசன்கள் சந்தைக்காகச் சாக முடியும் என்பதை அவர்களின் முதுகும் கைகளும்தான் தீர்மானித்தன.

இந்தத் தடை 1871-இல் உடைந்தது, அதுவும் வேட்டைக்களத்துக்கு வெகு தொலைவில், தோல் தொழிற்சாலைகளில். அதுவரை கோடைக்கால பைசன் தோலை யாரும் வாங்கியதில்லை. ரோமம் இராது, தோலும் நெகிழும். அந்தத் தோலை நல்ல தோல்பொருளாகப் பதனிடும் வழி கிழக்கு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அந்தச் சமயத்தில் கைவந்தது. ஆலை இயந்திரங்களை ஓட்டும் பட்டைவார்களுக்கு அது மிகப் பொருத்தம். கான்சாஸில் இருந்த ரைட் மூவர் என்ற இருபது வயது இளைஞர், இங்கிலாந்துக்குப் போக வேண்டிய 500 தோல்களுக்காக ஒரு வியாபாரியிடம் ஆர்டர் எடுத்தார். அது போக மிஞ்சிய 57 தோல்களை நியூயார்க்கில் இருந்த அண்ணன் ஜானுக்கு அனுப்பிவைத்தார். தோல் பதனிடுவோர் வாங்கிப் பார்த்தார்கள், மேலும் கேட்டார்கள். அண்ணன் நியூயார்க் வேலையை விட்டுவிட்டுத் தம்பியோடு சேர மேற்கே ரயிலேறினார். 1872 செப்டம்பரில் சான்டா ஃபே ரயில் பாதை டாட்ஜ் சிட்டியை அடைந்தது. தோலைப் பதனிடாமல் வெறுமனே வெயிலில் காயவைத்து வண்டியேற்றினால் போதும் என்றானதும், போர்வை ஒன்றுக்குப் பத்து நாள் என்ற கணக்கு அடியோடு மறைந்தது.

ரைஃபிளின் காலம் இதன் பிறகுதான் வருகிறது. கிறிஸ்டியன் ஷார்ப்ஸ் தன் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றது 1848-இலேயே. பின்பக்கம் இறங்கித் திறக்கும் உறுதியான அடைப்பு. அங்கே தோட்டாவைச் செருகி மூடி, விசையை இழுத்தால் வேலை முடிந்தது. பித்தளை உறையில் மருந்தும் குண்டும் சேர்ந்த தோட்டாக்கள் பரவியபின் ஷார்ப்ஸ் கம்பெனி பைசனுக்கென்றே பெரிய குழல்களைச் செய்தது. 1872-இல் வந்த அரை அங்குலக் குழலுள்ள ரைஃபிளின் குண்டு சுமார் 30 கிராம் எடை. அதைத் தள்ளும் கருமருந்து 6 கிராம். ரைஃபிள் மட்டுமே 5 முதல் 7 கிலோ வரை கனக்கும். அதைத் தூக்கிக் குதிரைமேலிருந்து சுட யாரும் நினைக்கவில்லை. குறுக்காகக் கட்டிய இரண்டு கொம்புகளில் குழலைச் சாய்த்து, தரையில் உட்கார்ந்தோ படுத்தோ சுட்டார்கள்.

அந்த வேட்டை நடந்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பைசனுக்கு மோப்பமும் செவியும் கூர்மை, பார்வை அவ்வளவு இல்லை. சுடுபவன் காற்றுக்கு எதிர்ப்பக்கமாகப் பதுங்கி, மந்தைக்கு 200, 250 மீட்டர் தொலைவில் அமர்வான். முதலில் மந்தையை நடத்திச் செல்லும் மூத்த பசுவைத் தேடுவான். அதன் நுரையீரலில் சுட வேண்டும். இதயத்தில் சுட்டால் விலங்கு நாலுகால் பாய்ச்சலில் ஓடி மந்தையையும் இழுத்துக்கொண்டு போகும். நுரையீரலில் பட்டால் சில அடி நகர்ந்து நின்றுவிடும், மூக்கில் இரத்தம் வழியும். மற்றவை வந்து முகர்ந்து பார்க்கும், குழம்பும், கால்களால் மண்ணைக் கிளறும். அடுத்து எந்த விலங்கு விலகி நடக்க முற்படுகிறதோ, அதைச் சுட வேண்டும். அதன் பிறகு அடுத்தது. அவசரமில்லாமல், இடைவெளி விட்டு. குழல் சூடேறினால் குறி தவறும் என்பதால் இரண்டாவது ரைஃபிளை எடுப்பான், அல்லது தண்ணீர் ஊற்றி ஆறவைப்பான். மந்தை நின்ற இடத்திலேயே நின்று சாகும். வேட்டைக்காரர்கள் இதற்கு ‘ஸ்டாண்டு’ என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

பைசனுக்கு இருந்த ஒரே பெரிய பாதுகாப்பு ஓட்டம். ஓநாய்க்கு எதிராகவும், மலைமுகட்டுக்கு விரட்டிய, குதிரையில்லாத வேட்டைக்காரனுக்கு எதிராகவும், குதிரைமேல் வந்த வில்லாளிக்கு எதிராகவும் பெரும்பாலான விலங்குகளைக் காப்பாற்றியது அதுதான். வில் வேட்டையில் எவ்வளவு திறமை இருந்தாலும் ஒன்றிரண்டு மைலில் குதிரை களைத்துவிடும், மந்தை தப்பிவிடும். வில்லாளி மந்தையை ஓடவைக்காமல் நெருங்கவே முடியாது. நெருங்கிய அக்கணத்திலிருந்தே மந்தை அவனிடமிருந்து விலகத் தொடங்கிவிடும். ஷார்ப்ஸ் ரைஃபிள் அந்த ஓட்டத்தையே நிறுத்தியது. கொல்பவனைப் பார்க்காத, மோப்பம் பிடிக்காத விலங்குக்கு எதிலிருந்து ஓடுவது என்று தெரியவில்லை. வெடிச்சத்தம் அவற்றுக்கு இடிமுழக்கம்போலக் கேட்டிருக்கும். வில்லையும் ரைஃபிளையும் ஒப்பிடுபவர்கள் குண்டின் வலிமையையும் எட்டும் தொலைவையும்தான் பேசுகிறார்கள். என் பார்வையில் தீர்மானமான வேறுபாடு, விலங்கு ஓடியதா நின்றதா என்பதே.

திறமையான சுடுபவன் நாளெல்லாம் சுட்டதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தன் ஆட்கள் மாலைக்குள் எத்தனை தோலை உரிக்க முடியுமோ அத்தனையோடு நிறுத்திக்கொண்டான். மறுநாளுக்கு விட்டால் உடல் விறைத்துத் தோல் பாழாகிவிடும். ஒரு சுடுபவனுக்கு இரண்டு, மூன்று, சில குழுக்களில் அதற்கும் மேற்பட்ட தோல் உரிப்பவர்கள். உரித்த தோலை ரோமம் கீழே இருக்கும்படி விரித்து முளையடித்துக் காயவைத்தார்கள். இரவில் நெருப்பருகே அமர்ந்து காலி உறைகளில் மருந்து நிரப்பி மறுநாளுக்குத் தோட்டா தயாரித்தார்கள். ஆக, இங்கேயும் கைகளின் வேகமே எல்லை. ஆனால் ஒரு தோலை உரிக்க ஆவது நிமிடங்கள். பதனிட ஆனது நாட்கள். இன்னும் வேண்டுமானால் இன்னும் இரண்டு ஆட்களைக் கூலிக்கு வைத்துக்கொள்ளலாம். 1873-இல் பொருளாதார நெருக்கடி வந்து கிழக்கே வேலை இழந்தவர்கள் கூட்டம் கூட்டமாக மேற்கே வந்தபோது, ஆட்களுக்குப் பஞ்சமே இல்லாமல் போயிற்று.

தொடக்கத்தில் இவர்களில் பலருக்குத் தொழில் தெரியவில்லை. டாட்ஜ் கோட்டையின் தளபதி ரிச்சர்ட் இர்விங் டாட்ஜ் எழுதியிருக்கிறார்: 1872-இல் சந்தைக்குப் போன ஒவ்வொரு தோலுக்கும் மூன்று பைசன்கள் செத்தன. காயம்பட்டு ஓடிச் செத்தவை, உரிக்கத் தெரியாமல் கிழித்தவை, காயவைக்கத் தெரியாமல் அழுகவிட்டவை. கறியை எடுத்துச் செல்ல ஆளில்லை. நாக்கையும் சில இடங்களில் பின்தொடையையும் தவிர மற்றது அப்படியே கிடந்தது.

சான்டா ஃபே ரயில்வே ஒன்று மட்டும் ஏற்றிச்சென்ற தோல்களின் கணக்கு நமக்குக் கிடைத்திருக்கிறது. 1872-இல் 1,65,721. 1873-இல் 2,51,443. 1874-இல் 42,289. மூன்றாவது எண்ணில் சரிவு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. எல்லா ரயில் பாதைகளையும், வீணானவற்றையும் சேர்த்து, அந்த மூன்று ஆண்டுகளில் தோல் வேட்டைக்காரர்கள் மட்டும் 30 லட்சத்துக்கும் அதிகமான பைசன்களைக் கொன்றார்கள் என்று டாட்ஜ் மதிப்பிட்டார்.

இதைத் தடுக்க முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. பழங்குடியல்லாதவர்கள் பெண் பைசனைக் கொல்லத் தடை விதிக்கும் மசோதா 1874-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. ஜனாதிபதி கிராண்ட் கையெழுத்திடாமல் வைத்திருந்து அதைக் காலாவதியாக்கினார். பைசன் ஒழிந்தால் பழங்குடிகள் ஒதுக்கீட்டு நிலத்தில் அடங்கிவிடுவார்கள் என்ற எண்ணம் அரசிலும் ராணுவத்திலும் பலருக்கு இருந்தது. உள்துறைச் செயலர் டெலானோ 1873 ஆண்டறிக்கையிலேயே ஏறக்குறைய அப்படித்தான் எழுதினார். ஜெனரல் ஷெரிடன் டெக்சாஸ் சட்டமன்றத்தில் தோல் வேட்டைக்காரர்களைப் புகழ்ந்து பேசினார் என்று பல நூல்களில் ஓர் உரை மேற்கோள் காட்டப்படுகிறது. அதற்கு மூலம் ஜான் குக் என்ற முன்னாள் வேட்டைக்காரர் 1907-இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பு மட்டுமே. அப்படி ஓர் உரை நடந்ததற்கு வேறு சான்று இல்லாததால் இந்தத் தொடரில் அதை நான் எடுத்தாளவில்லை. ஷெரிடனின் கொள்கையை அறிய அவர் எழுதிய கடிதங்களே போதும்.

கான்சாஸ் காலியானது. மந்தைகள் எஞ்சியிருந்தது ஆர்க்கன்சா ஆற்றுக்குத் தெற்கே. 1867-இல் மெடிசின் லாட்ஜ் ஓடைக்கரையில் கியோவா, கொமான்ச்சி மக்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அந்த நிலத்தில் அவர்களுக்கு வேட்டை உரிமையை அளித்திருந்தது. எதுவரைக்கும்? வேட்டையாடத்தக்க எண்ணிக்கையில் பைசன் அங்கே திரியும்வரை. ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. பைசனைக் கொன்று தீர்த்தால் உரிமையும் தானாகத் தீர்ந்துவிடும். ஷார்ப்ஸ் ரைஃபிளோடு ஆற்றைக் கடந்தவர்கள் தோலை மட்டும் எடுத்துச் செல்லவில்லை, ஒரு மக்களின் சட்ட உரிமையையும் சேர்த்து உரித்துக்கொண்டு போனார்கள்.

கடக்கலாமா என்று கேட்க, ரைட் மூவரும் கூட்டாளி ஒருவரும் 1873-இல் டாட்ஜ் கோட்டைக்குப் போனார்கள். தான் ஒரு வேட்டைக்காரனாக இருந்தால் பைசன் இருக்கும் இடத்தில்தான் வேட்டையாடுவேன் என்று தளபதி டாட்ஜ் பதில் சொன்னதாக மூவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஒப்பந்தத்தைக் காக்க வேண்டிய பொறுப்பிலிருந்த அதிகாரி அவர். மூவர் சகோதரர்களின் வண்டிகள் டெக்சாஸுக்குள் இறங்கின. 1874 வசந்த காலத்தில் டாட்ஜ் சிட்டி வணிகர்கள் கனேடியன் ஆற்றங்கரையில், அடோபி வால்ஸ் என்ற இடிந்த பழைய கோட்டைக்கு அருகே, தோல் வாங்கவும் மருந்தும் ஈயமும் விற்கவும் கடைகள் கட்டினார்கள். ஒரு மதுக்கடை, ஒரு கொல்லன் பட்டறை, ஒரு சாப்பாட்டு விடுதி. அனைத்தும் கொமான்ச்சிகளின் வேட்டை நிலத்தின் நடுவில்.

அந்த மே மாதம் கொமான்ச்சிகள் தங்கள் வரலாற்றில் முதன்முறையாகச் சூரிய நடனத்துக்குக் கூடினார்கள். இசாதாய் என்ற இளம் மந்திரவாதி, வெள்ளையரின் குண்டுகள் நம்மைத் தொடாமல் செய்வேன் என்று வாக்களித்தார். கியோவாக்களும் செயென்களும் சேர்ந்துகொண்டார்கள். இளம் தலைவர் குவானா பார்க்கர் முன்னே நின்றார். அவர்களுடைய தாத்தாக்கள் போருக்குத் துப்பாக்கியும் வேட்டைக்கு வில்லும் எடுத்தார்கள். பலரிடம் இப்போது தொடர்ந்து சுடக்கூடிய ஹென்றி, வின்செஸ்டர் ரைஃபிள்கள் இருந்தன. குதிரைமேலிருந்து சுட வில்லைவிடவும் வேகமானவை அவை. ஆனால் அவற்றின் குண்டு சிறியது, எட்டும் தூரம் குறைவு. ஜூன் 27 விடியலில் அவர்கள் தாக்கியபோது, அடோபி வால்ஸின் மண்சுவர்களுக்குப் பின்னால் 28 ஆண்களும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். ஆண்களில் பெரும்பாலோர் தோல் வேட்டைக்காரர்கள். அவர்களிடம் ஷார்ப்ஸ் ரைஃபிள்களும், கடைக்காரர்கள் விற்பனைக்கு அடுக்கிவைத்திருந்த தோட்டாப் பெட்டிகளும் இருந்தன. அந்தச் சண்டையையும், அதைத் தொடர்ந்து வந்த செவ்வாற்றுப் போரையும் (மெட்டி மக்களின் செவ்வாறு அல்ல, தெற்கே உள்ள இன்னொன்று) அடுத்த இதழில் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)